முதல் பக்கத்துக் குளம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

அண்ணியும் உங்கள் மகளும் நலமா? அம்மா போன பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் புத்தகம் அச்சுக்குப் போகிறது. முன்னுரையும் என்னைப் பற்றிய குறிப்பும் இதோடு இருக்கின்றன. உளவியல் பேராசிரியர், குழந்தைகளின் ஞாபகம் பற்றி இருபத்தெட்டு வருட ஆராய்ச்சி, பொழுதுபோக்கு பழைய கடிகாரங்கள் சேர்ப்பது என்று போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே நம் தம்பி வருகிறான். எனக்கு ஆறு வயதில், குளத்துப் படியில் நீங்கள் அவன் கையை விட்டு, அவன் மூழ்கிப் போனதைப் பார்த்தேனே, அது. உங்கள் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. 'இது உண்மை' என்று பதிப்பகத்தார் கேட்கும் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 19

அன்புத் தங்கச்சிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். முட்டி வலி மட்டும் விடுவேனாங்குது. கடிகாரம் சேக்குறியாமே? நம்ம கடைச் சுவத்துல ஒண்ணு ஓடாமத் தொங்குது, வேணுமா? பஞ்சர் கடைக்கு மணி எதுக்குன்னு உங்க அண்ணிக்கு ஒரே கேலி. அவ வாய்க்குக் கேக்கணுமா, கிடக்கட்டும்.

பொடி எழுத்து எனக்குத் தெரியல, மகதான் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. அம்மா சாகுறவரைக்கும் என்னைப் பார்த்தாளே, அதே பார்வை. அதான் எழுதறேன்.

அன்னைக்கு நான் குளத்துக்கே வரலம்மா. கடையில டியூபைத் தண்ணியில முக்கி ஓட்டை தேடிக்கிட்டு இருந்தேன். நீயும் தம்பியும்தான் போனீங்க. நீ மட்டும் வந்தே, ஈரப் பாவாடையோட. மூணு மாசம் வாயே திறக்கல. அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ பெரியவன், தாங்குவே. அம்மா இருக்கிறவரைக்கும் மூச்சு விடாதே"ன்னாரு. அப்புறம் உன் பக்கத்துல உக்காந்து, "அண்ணன்தான் கையை விட்டான்"னு தினம் சொல்லிச் சொல்லி உன்னைப் பேச வச்சாரு.

நீ குழந்தைம்மா. அந்தப் படி வழுக்கும். உன்மேல ஒரு தப்பும் இல்ல.

உன் அண்ணன்

மே 30

அன்புத் தங்கச்சிக்கு,

இது நாலாவது கடிதம். மாப்பிள்ளைக்குப் போன் பண்ணேன். நீ காலேஜுக்குப் போறதில்லையாம், யார்கிட்டயும் பேசுறதில்லையாம். அப்ப மாதிரியே.

பயமா இருக்கும்மா. அன்னைக்கு எழுதினதைக் கிழவன் உளறல்னு கிழிச்சுப் போடு. நான்தான் குளத்துக்கு வந்தேன். நான்தான் கையை விட்டேன். படிவத்துல கையெழுத்துப் போட்டு உள்ள வச்சிருக்கேன். மககிட்டயும் அப்படியே சொல்லிட்டேன். இப்ப அவ எனக்குத் தட்டு வைக்கிறதில்ல. பரவாயில்ல, பழகினதுதான்.

நீ ஒரு வார்த்தை பேசு.

உன் அண்ணன்