நைனாவின் சாம்பல் நிற விமானம்

நாகலாபுரம்
3-2-2026

அன்பு மகள் பிரித்திகாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனியில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேதநாராயணசாமி துணையிருக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் மொத்தம் மூன்று நல்ல கண்களோடு சுகமாக இருக்கிறோம். நாலாவது கண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உன் நைனா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

முதலில் முக்கியமான செய்தி. கார்த்திகை மாதம் பத்தாம் தேதி காலை, டிபனுக்குப் பிறகு, விமானத்தின் சக்கரங்கள் கீழே இறங்கியே இருக்கும் என்று இந்த வீட்டில் முடிவு செய்யப்பட்டது. இதற்கு இரண்டு நாள் ஆலோசனை தேவைப்பட்டது. நீ அனுப்பிய, ஒட்டிச் செய்யும் பொம்மை விமானப் பெட்டியின் பிளாஸ்டிக் சட்டங்கள் சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டதால், கூட்டம் தரையில் தட்டுகளோடு நடந்தது. சக்கரத்தை மடக்கிவிட்டால் பறப்பது போல உத்தரத்தில் தொங்கவிடலாம், மேசையாவது மிஞ்சும் என்பது என் கட்சி. "மேல போயிட்டா அது பைலட்டோட பிளேனு, கீழ நின்னுக்கினு இருந்தா தான் என்னுது" என்றார் உன் நைனா. அஸ்ஸாம் தேஜ்பூர் விமானப்படைத் தளத்தில் பதினோரு வருஷம் மிக் விமானங்களைத் துடைத்து, முடுக்கி, வழியனுப்பிவிட்டு ஓடுபாதை ஓரமாகக் காத்திருந்தவர் அப்படிச் சொன்னபிறகு நான் என் கட்சியைக் கலைத்துவிட்டேன்.

அந்த விமானங்களுக்கெல்லாம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு நீ இதை அனுப்பியது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு மாதம் விசில் அடித்துக்கொண்டே வேலை செய்தார். ஒன்றரை அடி நீள விமானத்தில் சக்கரக் குழிக்குள் பெட்டிக்காரன் கொடுக்காத குழாய்கள் இருக்கின்றன, தெரியுமா? பழைய டெலிபோன் ஒயரை உரித்து, செம்புக் கம்பியை இடுக்கியால் வளைத்து ஒட்டினார். விமானத்தைக் கவிழ்த்துப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியும், அப்படி யாரும் வருவதில்லை. பின்பக்கத்துப் புகைக் கறைக்குப் பென்சில் தூள். பறக்கும் முன் கழற்ற வேண்டிய மூடிகளில் தொங்கும் சிவப்பு நாடாவுக்கு என் ரவிக்கை ஒன்று போனது. புது ரவிக்கை என்பதை அவர் கவனிக்கவில்லை.

கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. சாயங்காலமானால் வோல்டேஜ் இல்லை என்று கரண்டு ஆபீஸைத் திட்டினார், வீட்டில் எல்லா பல்பையும் மாற்றினார். உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன், பதறாதே. தீபாவளிக்கு முன்னால் பிச்சாட்டூர் ரோட்டில் ஜல்லிக் குவியலின் மேல் ஸ்கூட்டரை ஏற்றி, மணிக்கட்டுக்குப் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். குவியல் தப்பான இடத்தில் இருந்ததாம். கிட்டத்தில் இருப்பது மட்டும் கண்ணாடி இல்லாமலே தெரிந்ததால், கண்ணில் புரை என்று நான் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு பெயிண்ட் அடிக்கும் நாள் வந்தது. நீ அனுப்பிய சாம்பல் நிற பாட்டிலைத் திறந்து, இது மஞ்சள் பாரித்த சாம்பல், வெள்ளைக்காரனுக்கு நம் பிளேனைப் பற்றி என்ன தெரியும் என்று அதில் நீலம் கலந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முக்கால் மணி நேரம் கலந்து, இதுதான் தேஜ்பூர் என்றார். எதிர்வீட்டு ரமணா பார்க்க வந்தார், புத்தூர் ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரே தான். "இன்னா சாரு, பெருமாள் கலர்ல கீது? நீலம் கதா இது!" என்று தெலுங்கு கலந்து சொல்லிச் சிரித்தார். "ரயிலுக்குக் கொடி காட்டினவனுக்குப் பச்சையும் செவப்பும் தான் தெரியும். பதினோரு வருசம் தொடச்சிக்கினு இருந்தவன் நானா நீயா?" என்றார் உன் நைனா. ரமணா காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். உன் நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்லாயிருக்கு என்றேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தவள் நான், இந்தப் பொய்யை இங்கே எழுதி வைக்கிறேன்.

வால் மேல் எண் எழுதும்போதுதான் மாட்டிக்கொண்டார், அதற்குள் கிட்டத்துப் பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. மூன்று தடவை எழுதியும் கோணல். புரை எடுத்துவிட்டால் எண் நேராக வரும் என்றேன், ஸ்கூட்டரைச் சொல்லிக் கேட்காதவர் அதற்குக் கேட்டார். பொங்கல் கழிந்து திருப்பதியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன், இருபது நிமிஷம் தான். கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "இன்னா பத்மினி, எப்பொ இவ்ளோ வெளுத்துப் போச்சு உன் தல?" என்றார். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்து நேராக மேசைக்குப் போனார். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார், இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். "மொதல்லேருந்தே நீலமா தான் கீதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், "நீலம் தான்டா" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் முதல் ரமணா காப்பிக்கு வருகிறார். பாட்டிலில் பெயிண்ட் மிச்சம் இருக்கிறதே, திரும்ப அடிக்கலாமே என்றேன். அடித்தால், புரை மூடிய இடது கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் என்றார். இப்போது தினமும் பல் துலக்கியதும் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பத்து நிமிஷம் விமானத்தின் முன்னால் உட்காருகிறார். அந்தக் கண்ணில் அது தேஜ்பூரில் நின்றது போலவே நிற்கிறதாம். நான் கேலி செய்யவில்லை. அந்த ஊரில் எனக்கும் கறுத்த தலைமுடிதான்.

இடது கண்ணுக்கு இருபதாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். விட்டால் முற்றிவிடும், பிறகு எடுப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் சொன்னால் எடுபடாது, நீ பேசு. நிறத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. சக்கரக் குழியைக் காட்டச் சொல்லிப் பாராட்டு, அப்படியே பேச்சைக் கண்ணுக்குக் கொண்டு வா. அடுத்த பெட்டி எதையும் அனுப்பிவிடாதே. ராத்திரி ஈரத்தலையோடு படுக்காதே, மாப்பிள்ளைக்கு ஊறுகாயைக் குறை. இருவரும் தீர்க்காயுசாக, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு இருங்கள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா பத்மினி

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உன் நைனாதான் எடுத்தார். இருபதாம் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.