டுவேன் கிள்ளிய நுனிகள்

பால்மர், அலாஸ்கா
செப்டம்பர் கடைசி

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு,

அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தை மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், போன கடிதத்தில் அப்படித்தான் எழுதினேன், இந்தத் தடவை கை வரவில்லை. இடுப்பெலும்பில் புற்று வலி கூடிவிட்டது. ஜூலையில் ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுத்தும் பெரிதாகக் கேட்கவில்லை. டாக்டர் கொடுக்கிற மாத்திரை வலியை அடக்குகிறது, கூடவே ஆளையும் அடக்கிவிடுகிறது, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். சாப்பாட்டை வாயருகே கொண்டுபோனாலே குமட்டல். கொல்லைப் பாலித்தீன் கூடாரத்தில் அவரே வளர்க்கிற கஞ்சாவை வெண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தால் மட்டும் ஒரு கிண்ணம் மூஸ் மான் கறிச் சூப் உள்ளே இறங்குகிறது, அக்கம்பக்கத்தாரை வம்புக்கிழுக்கிற வாயும் திரும்பி வருகிறது. கடையில் விற்பது நெஞ்சைப் படபடக்க வைக்கிறது என்று அதைத் தொடமாட்டேன் என்கிறார். அதனால் இந்த வருஷத்துச் செடிகள்தான் குளிர்காலம் முழுக்க அவருக்கு மருந்து என்று நம்பி இருந்தோம். இதை உன் மாமியாரிடம் வாசித்துக் காட்டாதே, உங்கள் ஊரில் இதற்குப் போலீஸ் வரும், இங்கே முட்டைக்கோஸுக்குப் பக்கத்தில் சட்டப்படி நிற்கிறது.

டுவேனை உனக்குத் தெரியாது. நீ கல்யாணமாகிப் போன பிறகு பக்கத்து நிலத்தை வாங்கி வந்தவன். கலிஃபோர்னியா மலையில் பல வருஷம் இதே செடியை மரம் மாதிரி வளர்த்தவன், அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது. நல்ல மனுஷன், அதுதான் வினையாகிப் போனது. நாங்கள் ஆங்கரேஜில் தங்கியிருந்தபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். தண்ணீரையும் ஊற்றி, கேட்காமலே ஆறு செடிக்கும் கவாத்தும் பண்ணி வைத்திருந்தான். நடுத்தண்டின் நுனியைக் கிள்ளி, பாதிக் கிளையை வெட்டி, பெரிய இலையெல்லாம் உருவிவிட்டான். அவன் ஊர்ச் செடிக்கு அது சரிதான், பகல் குறைந்த பிறகுதான் அது பூக்கும், அதற்குள் வெட்டுக்காயம் ஆறி நாலு கிளையாகப் பெருக நேரம் கிடைக்கும். இங்கே கோடையில் சூரியன் எங்கே மறைகிறது? அதனால்தான் பகல் நீளத்தைப் பார்க்காமல் வயது வந்ததும் தானாகவே பூக்கிற ரகத்தை அப்பா போடுகிறார். அது யாருக்காகவும் காத்திருக்காது, நுனி போனால் போன உடம்போடேயே பூத்து ஆயுளை முடித்துவிடும். அப்பா அதில் கத்தரியே வைக்கமாட்டார். தண்டு இளசாக இருக்கும்போதே மெல்ல வளைத்து, துணி நாடாவால் தொட்டி விளிம்போடு கட்டிப் படுக்க வைத்துவிடுவார், எல்லாக் கிளைக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

திரும்பி வந்த அன்று அப்பா வீட்டுக்குள்கூடப் போகாமல் ஊன்றுகோலோடு நேரே கூடாரத்துக்குத்தான் போனார். டுவேன் வாயெல்லாம் பல்லாக, "எப்படிண்ணே? சிக்குனு பண்ணி வச்சிருக்கேன்ல?" என்றான். அப்பா கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, பூவிடத் தொடங்கியிருந்த அந்தக் குட்டைச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "ஏண்டா, மருந்து ஏத்தி எனக்கு முடி கொட்டிப்போச்சுன்னு இதுங்களுக்கும் மொட்டை போட்டுட்டியா?" என்றார். டுவேன் சிரித்தான், நாங்கள் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான். என்ன செய்துவிட்டோம் என்று புரிந்ததும் அவ்வளவு பெரிய ஆள் தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு இரக்கமே வரவில்லை, அந்தக் கத்தரியாலேயே அவன் காதை நறுக்கலாம் போலிருந்தது. அப்பாதான், "விடு எடித், தெரிஞ்சா செஞ்சான்?" என்றார். அதற்குப் பிறகு அவன் தினமும் வந்து மிச்சமிருந்த கிளைகளை வளைத்துக் கட்டினான், அப்பாவின் விரலுக்கு இப்போது முடிச்சுப் போட வருவதில்லை. இவர் வாளியில் உட்கார்ந்துகொண்டு, "கன்னுக்குட்டிய இழுக்கற மாதிரி இழுக்காதடா! தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி வளை, அப்பதான் தண்டு துவண்டு குடுக்கும்" என்று திட்டிக்கொண்டே இருப்பார். அந்த ஒரு மாதம் அவரை நடமாட வைத்தது அந்தத் திட்டுதான் என்று நினைக்கிறேன்.

போன வாரம் அறுத்துக் காயவைத்தோம். போன வருஷம் ஒரு அலமாரித் தட்டு நிறைந்தது, இந்த வருஷம் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு ஜாம் பாட்டில். மலை உச்சியில் முதல் வெண்பனி விழுந்துவிட்டது, இனி வசந்தம் வரை விதை போட முடியாது. நான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் நவம்பரைத் தாண்டாதே என்று புலம்பினேன், இன்றிலிருந்தே அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொள்வோமா என்று கேட்டேன். அப்பா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "குறைக்காத எடித். எனக்கு இது போதும்" என்றார், இன்னொரு கரண்டி சூப் ஊற்றப் போனால் கையைக் காட்டுவாரே, அதே குரலில். ஆஸ்பத்திரியில் அவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரிடம் தனியாகப் பேசியது எனக்குத் தெரியும், கேட்டதற்குப் பழைய கதைதான் என்று சொல்லியிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்க் குளிரில் நின்றேன். டுவேனுக்கு இன்னும் இது தெரியாது, அவன் செடியை நினைத்துத்தான் இன்னமும் அழுகிறான்.

நீ கிறிஸ்துமஸுக்கு லீவு சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸ் வேண்டாம் மகளே, இப்போதே வா. "அவ வேலையக் கெடுக்காத, ஒண்ணும் எழுதாத" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார், அந்தச் சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன். குழந்தையையும் கூட்டி வா, தாத்தாவை அவள் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்குக் கம்பளி உறை காலுக்கும் கைக்கும் இரண்டு ஜோடி எடுத்துக்கொள். மாப்பிள்ளைக்கு வர முடியாவிட்டால் அதை வைத்துச் சண்டை போடாதே, அவர் பாவம். உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், வழித்துணையாகக் கடவுள் வரட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. வாசலில் அழுதுகொண்டு நிற்காதே. சும்மா லீவு கிடைத்தது, வந்தேன் என்று சொல். அவர் நம்பமாட்டார். ஆனாலும் அப்படியே சொல்.

உன் அம்மா,
எடித்