இடது பக்கச் சக்கரம்

ஜூன் 4
தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது (மொத்த உறுப்பினர்: நான்). ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கும் அண்ணனின் ஜீப்பை இந்த லீவில் எழுப்புகிறேன். திட்டத்தின் பெயர்: ஜீப்பை சீப்பாகச் சீர்செய்வது. பெரிய டயர், முன்னால் சேற்றில் சிக்கினால் கம்பிவடத்தால் இழுக்கும் விஞ்சு, மேலே வரிசையாக விளக்கு. கனவுக்கு வரி கிடையாது.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

"மாசக் கடைசில பழைய இரும்புக்காரன் வர்றான். அதுக்குள்ள ஓடுச்சுன்னா வச்சுக்க. இல்லேன்னா எடைக்குப் போகும்."

"அண்ணன் வண்டிப்பா."

"திமிர்ல தண்ணிக்குள்ள விட்டவன் வண்டி."

இரண்டு வருடமாக இதே வரிதான். அண்ணன் ஓடையோடு போனதற்கு அப்பா எழுதிய தீர்ப்பு. அப்பீலே இல்லை.

ஜூன் 7
மெக்கானிக் வந்தார். ஊரே அவரை நட்டு மாமா என்கிறது. தொழிலாலா, குணத்தாலா என்று ஆராயக் கூடாது. என் திட்டத்தைப் படித்துவிட்டு, "இது ஜீப்பா, சர்க்கஸ் கூடாரமா? இவ்ளோ லைட்டு!" என்றார்.

"இருட்டுல போக வேணாமா மாமா?"

"முதல்ல நிக்கணும் வாலு. அப்புறம் ஓடணும். அதுக்கப்புறம்தான் மேடு ஏறணும்."

ஆகவே பிரேக்குக்கு முதல் மரியாதை. பிறகு ரேடியேட்டர். டயர் பழசுதான், ஆனால் பல் இருக்கிறது.

ஜூன் 9
சீட்டுக்கு அடியில் ஓடை மணல். வாருகிறேன், வாருகிறேன், தீரவே இல்லை. மாலையில் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனால் காலையில் மறுபடி கொஞ்சம் உதிர்ந்து கிடக்கிறது. எங்கிருந்துதான் வருகிறது?

ஜூன் 13
இதை எழுதவா வேண்டாமா?

பேட்டரி மாட்டியாகிவிட்டது. நட்டு மாமா பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். விடுவேனா? ஹார்னை அழுத்தினேன், இரண்டு தடவை. மாமா மண்டையை இடித்துக்கொண்டு குதித்தார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா. கையில் மாவு. ஓடி வந்து கேட்டைத் திறந்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அண்ணன் வீட்டுக்கு வரும்போது அப்படித்தான் அடிப்பான். இரண்டு தடவை. எனக்குத் தெரியும்தானே? தெரிந்தும் என் கை எப்படி —

அம்மா மெதுவாகத் திரும்பினாள். கேட்டை மட்டும் சாத்தாமல் உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 14
ஹார்ன் வயரை வெட்டிவிட்டேன்.

ஜூன் 18
இந்தப் பழைய வண்டியில் நாலு சக்கரமும் இழுக்க லீவரைத் தள்ளினால் மட்டும் போதாது. கீழே இறங்கி, முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் குமிழைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். இரண்டு பக்கமும்.

இன்று துரு சுரண்டினோம். வலது குமிழ் பூட்டியிருந்தது. இடது திறந்திருந்தது.

"என்ன மாமா, வண்டி ஒரு கண்ணை மூடிக் கண்ணடிக்குது?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளே எட்டி லீவரைப் பார்த்தார். அது தள்ளப்படவே இல்லை.

"நான்தாம்மா இதை ஓடையிலேர்ந்து இழுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் யாரும் சக்கரத்துல கை வைக்கல."

அப்படியென்றால் அவன் தண்ணிக்குள் விடவில்லை. கரையில் நிறுத்தியிருக்கிறான். இறங்கி வலதைப் பூட்டியிருக்கிறான். இடதுக்குச் சுற்றி வரும்போது, மேலே எங்கேயோ பெய்த மழை மொத்தமாக —

திமிர் இல்லை. திமிரே இல்லை. நாளைக்கே அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 19
சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முட்டாள்.

ஷெட்டுக்கு வந்தார். குந்தி உட்கார்ந்து இடது குமிழைத் தொட்டார்.

"வலது மொதல்ல, அப்புறம் இடது. பூட்டாம தண்ணில எறங்காதே. நான்தான்டி சொல்லிக்கொடுத்தேன்."

"அப்பா —"

"திமிர்னு நெனச்சுட்டு இருந்தேனே. அதுவே தேவலை."

ஜூன் 20
அப்பா சாப்பிடவில்லை. நான் ஏன் வாயைத் திறந்தேன்?

ஜூன் 23
நட்டு மாமாவிடம் கேட்டேன்: யாரும் கீழே இறங்காமல் பூட்ட வழியே இல்லையா?

"இருக்கே. குமிழைக் கழட்டிட்டு ஒரு கெட்டி மூடி போட்டுட்டா முன்சக்கரம் எப்பவும் பூட்டினபடியே இருக்கும். உள்ள உக்காந்து லீவரைத் தள்ளினா போதும். என்ன, டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஸ்டீயரிங் கனக்கும்."

திட்டத்திலிருந்து விஞ்சை அடித்தாயிற்று. விளக்கையும் அடித்தாயிற்று. மூடிக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன், இரண்டு பக்கத்துக்கும்.

ஜூன் 27
மூடி பொருத்தும்போது அப்பா தானாகவே வந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். இடது பக்கத்தை அவரே முடுக்கினார். முடுக்கிய பிறகும் முடுக்கிக்கொண்டே இருந்தார். "போதும், மரை போயிடும்" என்று மாமாதான் கையைப் பிடித்தார்.

ஜூன் 30
இரும்புக்காரர் வந்தார். அப்பா வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்.

ஜூலை 5
ஓடைக்குப் போனோம். அப்பா ஓட்டினார். நான் அவருக்கு இடது பக்கம். பின்னால் அம்மா. யாரும் கூப்பிடவில்லை, அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணி முழங்கால் அளவுகூட இல்லை. கரையில் நிறுத்தினார். கை பழக்கத்தில் கதவுக்குப் போனது. பாதியில் நின்றது. லீவரைத் தள்ளினார். டக்கென்று விழுந்தது. வழியெல்லாம் வாயில் அடக்கிக்கொண்டு வந்த ஜோக் ஒன்று இருந்தது. விழுங்கிவிட்டேன்.

வண்டி நகரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்பா நேராகத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பாத்துக்கம்மா. சக்கரத்துக்கிட்ட யாராச்சும் நிக்கிறாங்களான்னு" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கூழாங்கல், நுரை, ஈர மண். ரொம்ப நேரம் பார்த்தேன். பின்னால் அம்மாவும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

"போலாம்ப்பா" என்றேன்.