ஞாயிற்றுக்கிழமைப் பட்டாம்பூச்சிகள்

இன்று காலை மும்பை மாட்டுங்காவில், ஒரு கட்டடத்தின் மதிலைத் தாண்டி நீண்டிருந்த எலுமிச்சைக் கிளை முகத்தில் உரசியது. அந்த வாசனையில் கால் தானாக நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் இலையைப் புரட்டி, புழு இருக்கிறதா என்று பார்த்திருப்பாய். நான் புரட்டவில்லை.

தாராவியில், பை தைக்கும் பட்டறையில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவர்கள் நாம். பங்குனி பிறந்ததிலிருந்து மழை இறங்கும்வரை ஞாயிறு காலைகள் நமக்கென்று இருந்தன. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டீ குடித்துவிட்டு, மரம் உள்ள தெருவாகப் பார்த்து நடப்போம். ரயில்வே சுவரோரத்து எருக்கஞ்செடியில் கறுப்பு ஓரம் வைத்த ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி இருக்கும். மே மாத வெயிலில், ஒழுகும் குழாயடியின் ஈர மண்ணுக்கு மஞ்சள் கூட்டம் வரும். எலுமிச்சைக்கு வருவது மட்டும் ஓரிடத்தில் நிற்காது; இலை இலையாகத் தொட்டு முட்டை வைத்துக்கொண்டே போகும். "புது மருமவ மாதிரி, ஒரு நிமிசம் உக்காருதாளா பாரு" என்பாய்.

ஒருமுறை ஒரு வாட்ச்மேன், வேறு வேலை இல்லையா என்று இந்தியில் விரட்டினார். "வேலதான் ஆறு நாளும் இருக்கேட்டி. ஏழாம் நாளும் வேணுமாம் இவனுக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாய். ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார்.

பிறகு உன் வீட்டுக்காரர், ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்து டோம்பிவிலியில் வீடு வாங்கினார். உன்னை யாரும் கேட்கவில்லை. உன் சம்பளமும் வேண்டியிருந்ததால் பட்டறையை விடவும் சொல்லவில்லை. விடியுமுன் சமைத்து வைத்து, லோக்கல் ரயிலில் கதவோரம் தொங்கிக்கொண்டு வருவாய். "பழகிரும்" என்றாய். இரண்டு பங்குனி நீ நடக்க வரவில்லை. ஞாயிறு, துணி துவைக்கவும் வந்தவர்களுக்குப் பொங்கிப் போடவும் போயிற்று.

போன சித்திரையில் நீயே போன் செய்தாய். "இந்த ஞாயித்துக்கெழம வாறேன்ட்டி. அவருட்ட கேக்கல, சொல்லிட்டேன்."

அன்று ஞாயிறு என்பதால் ரயில்கள் குறைவு, கூட்டம் அதிகம். ஸ்டேஷன் வாசலில் நின்று உன் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தது ஒரு போலீஸ்காரர். வண்டியிலிருந்து விழுந்துவிட்டாய் என்றார்.

பதினாறாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பூச்சி பாக்கப் போயி செத்தா. வீட்டுல கெடந்திருந்தா உசுரோட இருந்திருப்பா." கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"அண்ணாச்சி, அந்தக் கதவுலதான் ஆறு நாளும் உங்களுக்காவத் தொங்கிட்டு வந்தா. அப்ப ஒருத்தரும் வீட்டுல கெடன்னு சொல்லலியே" என்றேன்.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். கை நனைக்காமல் வந்துவிட்டேன்.

உன் மிஷினில் இப்போது வேறொருத்தி தைக்கிறாள். பட்டறையிலும் உன் பேச்சு வந்தால், பட்டாம்பூச்சி பார்க்கப் போய்ச் செத்தவள் என்றுதான் சொல்கிறார்கள். தினமும் வேலைக்கு வந்த வண்டியில் செத்தாள் என்று ஒவ்வொரு தடவையும் திருத்துகிறேன். இவளுக்கு வேறு பேச்சே கிடையாது என்று சலித்துக்கொள்கிறார்கள். துக்கம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. கோபம் ஆறவில்லை, அதை ஆற்றிக்கொள்ள எனக்கு மனமும் இல்லை.