எச்சில் தொட்டுக் கிழித்த டிக்கெட்

திருநெல்வேலி டவுண்
12.2.2023

அன்பு மகன் கைலாசத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இன்றைய தேதிக்கு இங்கு நான், உன் அம்மா, மருமகள் அனுராதா, உன் மகள் காந்திமதி நாலு பேரும் சுகம். கொரியாவில் அந்தக் கப்பல் கட்டும் தளத்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன். இன்றைய தேதிக்கு என்று ஏன் போட்டேன் என்றால், போன மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது பிள்ளை தூங்குகிறாள் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அவள் அப்போது ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி டிரிப் ஏறிக்கொண்டு கிடந்தாள். நான் வார்டுக்கு வெளியே மாடிப்படியில் நின்றுகொண்டு உன்னிடம் சிரித்துப் பேசினேன். பதறாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். நான் இதை எழுதும் நேரத்தில் என் காக்கிச் சட்டைப் பொத்தானை வாயில் வைக்கப் போய் உன் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிறாள். போனில் சொன்னால் எனக்கு நாக்கு குழறும், அதனால் எழுதுகிறேன். என் பஸ் டிரைவர் கிளமென்ட்டின் மச்சான் அடுத்த வாரம் அங்கே வருகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்புவேன்.

நான் கண்டக்டராகி இருபத்தேழு வருடம் ஆகிறது. நடுவில் ஒரு இரண்டு வருடம் தவிர, இந்த இருபத்தேழு வருடமும் வலது கை ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத்தான் டிக்கெட் கிழித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எண்ணூறு டிக்கெட் என்றால் எண்ணூறு தடவை. கங்கைகொண்டான் வரைக்கும் ஏறுகிறவன், இறங்குகிறவன், மூக்கைச் சிந்திவிட்டுச் சில்லறை நீட்டுகிறவன், எல்லோருடைய கையும் என் கை வழியாக என் வாய்க்குள் போய்வந்திருக்கிறது. வருடத்துக்கு மூன்று தடவையாவது எனக்கு வயிறு கெடும், உனக்கே தெரியும். அப்போதெல்லாம் நான் என்ன செய்வேன், உன் அம்மாவைப் பிடித்துக்கொள்வேன். மாவு புளித்துவிட்டது என்பேன், கருவாட்டைச் சரியாக அலசவில்லை என்பேன், எண்ணெய் சரியில்லை என்பேன். அவளும் பாவம், எண்ணெய்க் கடையை மாற்றினாள், கருவாடு வாங்குவதையே விட்டாள், ஒரு தடவை நல்ல ஈயச்சட்டியைத் தூக்கிப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டாள். நான் பாட்டுக்கு அவளுடைய சட்டிகளுக்கு எல்லாம் தீர்ப்பு எழுதிக்கொண்டு விரலை நக்கிக்கொண்டு இருந்தேன்.

பிறகு கொரோனா வந்தது. பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த முதல் நாள், மாஸ்க் போட்டுக்கொண்டு டிக்கெட் கொடுக்கப் போனால் பழக்கதோஷத்தில் விரல் நேரே போய்த் துணியில் இடிக்கிறது. ஒரு நடையில் ஐம்பது அறுபது தடவை இடித்திருப்பேன். டிரைவர் கிளமென்ட் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, அங்கன யாரும் இல்ல, கதவப் பூட்டிட்டுப் போய்ட்டாவ”ன்னு பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். மறுநாள் ஒரு மூடியில் ஈரப் பஞ்சு வைத்துப் பைக்குள் கட்டிக்கொண்டேன். வீட்டில் உன் அம்மா வாசலிலேயே வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிட்டாள், கழுவாமல் உள்ளே கால் வைக்க முடியாது. அந்த இரண்டு வருடம் எனக்கு ஒரு நாள்கூட வயிறு கெடவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, கபசுரக் குடிநீர் குடித்து என் உடம்பு இரும்பாகிவிட்டது என்று நினைத்தேன். டீக்கடையில் நாலு பேரை நிறுத்தி வைத்துப் பிரசங்கமே செய்தேன். உன் அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, “சட்டி அதே சட்டி, மாவு அதே மாவு. இப்ப மட்டும் ஏன் உங்களுக்கு ஒண்ணும் செய்யல?” என்று கேட்டாள். இப்பத்தான் உனக்குச் சமையல் படிஞ்சு வந்திருக்கு என்று பதில் சொன்னேன். வெட்கமில்லாமல் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

மாஸ்க்கைக் கழற்றலாம் என்றதும் மூன்றே நாளில் நாக்கு பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. பஞ்சு காய்ந்து கிடந்தது. வாசல் வாளியும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டது. எனக்கு என்ன தைரியம் என்றால் தோல்பையில் ஒரு சானிடைசர் பாட்டில் தொங்கியது, வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொள்வேன், அதோடு நான் சுத்தம். போன மாதம் ஊரெங்கும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தார்கள், கிளமென்ட் நாலு நாள் லீவு. எனக்கும் ஒரு சனிக்கிழமை வயிறு கடகடவென்று போனது. யாரிடமும் சொல்லவில்லை, இரும்பு உடம்பு அல்லவா. அன்று சாயங்காலம் காந்திமதி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். நான் இரண்டு சொட்டுத் தேய்த்துவிட்டு, கதலிப்பழத்தை விரலால் மசித்து அவள் வாயில் ஊட்டினேன்.

திங்கட்கிழமை விடியும்போதே பிள்ளை வாந்தி எடுக்க ஆரம்பித்தாள், பிறகு தண்ணீராகப் போனது. அனுராதா உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்தாள், அதையும் கக்கினாள். நான் பெரிய வைத்தியன் மாதிரி, பல்லு முளைக்குது, எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான், சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்றேன். பத்து மணி வாக்கில் உன் அம்மா பிள்ளையைத் தூக்கி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஏங்க, பிள்ள அழுகா, ஆனா கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரல. விடிஞ்சதுலருந்து ஒண்ணுக்கும் இருக்கல” என்றாள். பைய போவோம், என் பன்னிரண்டு மணி டூட்டியை மாற்றிக் கேட்கணும் என்று இழுத்தேன். அவள் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அன்று கேட்டேன். “நீங்க வந்தா வாங்க, வராட்டி இருங்க, நான் பிள்ளயத் தூக்கிட்டுப் போறேன்” என்று அனுராதாவையும் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டாள். நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். இன்னும் அரை நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

அங்கே ரைஹானத் என்று ஒரு டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது வயிறு சரியில்லாமல் இருந்ததா என்று கேட்டார். உன் அம்மாவும் அனுராதாவும் இல்லை என்று தலையாட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். சனிக்கிழமை, பழம், விரல், நாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலையும் எடுத்துக் காட்டினேன், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் காட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்த மாதிரி வயித்துக் கிருமி பலதுக்கு இது பத்தாது. சோப்புப் போட்டு, ஓடுத தண்ணியில நல்லாத் தேச்சுக் கழுவணும். கொரோனா நேரத்துல எல்லாரும் பயந்து கை கழுவுனாங்க, பள்ளிக்கூடம் கெடையாது, கல்யாண வீடு கெடையாது. எங்க வார்டுல வயித்துப்போக்குன்னு வாரதே ரொம்பக் கொறஞ்சு போச்சு. இப்ப நாம பழையபடி ஆயிட்டோம், அதுவும் வந்துட்டு” என்றார். பிள்ளைக்குச் சொட்டு மருந்தெல்லாம் ஒழுங்காகப் போட்டிருப்பது நல்லது என்றும், யாரிடமிருந்து வந்தது என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பார்த்தியா, உறுதியாகச் சொல்ல முடியாதாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டு வைத்த பிறகு, அனுராதா சாப்பிடப் போயிருந்த நேரம் பிள்ளை என் மடியில் படுத்திருந்தாள். திடீரென்று வேட்டியில் சூடாக இறங்கியது. நான் என்னை மறந்து, “இருந்துட்டா! பிள்ள ஒண்ணுக்கு இருந்துட்டா!” என்று ஸ்டாப் பெயர் சொல்லுகிற குரலில் கத்திவிட்டேன். வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்ஸ் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தாள். பக்கத்துக் கட்டில்காரர், இறங்கணுமா அண்ணாச்சி என்று கேட்டார். நான் சிரிக்கிறேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வேட்டி முழுக்க நனைந்திருக்கிறது, அப்படியே உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அடுப்படியில் போய் உன் அம்மாவிடம், இத்தனை வருசம் தப்பு என் கையில, உன் சமையல்ல இல்ல என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது, அதற்குள் இரண்டு தடவை தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், ஏசினாலும் ஏசட்டும் என்றிருந்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு என் கைமேலயே நம்பிக்க போச்சுங்க. ஒவ்வொரு நாளும் உங்க எல எடுக்கும்போது, இன்னைக்கு என்ன செய்யுமோன்னு பயந்துக்கிட்டேதான் எடுப்பேன்” என்றாள்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அனுராதா அழுதாள், நான்தான் தடுத்தேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, என்னை என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள், வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடு, இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். நெல்லையப்பரும் காந்திமதி அம்மனும் உன்னைக் காக்கட்டும், நோய்நொடி இல்லாமல் பிள்ளையைப் பார்க்க ஊர் வந்து சேர். மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, அவள் கையால் எதைச் சாப்பிட உனக்கு ஏக்கமாக இருக்கிறதோ அதைச் சொல். நான் சொன்னால் இப்போது அவள் நம்பமாட்டாள்.

இப்படிக்கு
உன் மேல் உயிரான அப்பா,
சு. சங்கிலிபூதத்தான்