மருத்துவச்சி வேலையை விட்ட மாதம்

நவம்பர் 6, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஆபீசுக்குப் போய்த் தொரையிடம் சொல்லியாச்சு, இந்த மாசத்தோட நின்றுகொள்கிறேன் என்று. "வயசாகிட்டுதா?" என்றார். ஆமாங்க என்றேன். இருபத்தெட்டு வருஷம் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை எடுத்திருக்கிறேன். எழுந்து நின்று கை கொடுத்தார். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையை நீட்டினேன். ஒரு மாதிரி பார்த்தார்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி பண்ண வேண்டும். தெமோதரை வரைக்கும் ரயில் வந்துவிட்டதே, ஏறி ஊருக்குப் போய்விடலாமே என்கிறார்கள் எல்லாரும். எந்த ஊருக்கு? திருச்சியில் தங்கச்சி இருந்தவரைக்கும் ஊர். அவள் போன பிறகு எனக்கு இந்த மலைதான்.

மார்க்கட்டி நேற்று உடைந்துவிட்டது. பதுளை டாக்டர் ஆடி மாசமே சொன்னார், அக்குள் வரை பரவிவிட்டது, வெட்டிப் பிரயோசனமில்லை என்று. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

மழை. பழைய சேலை கிழித்துக் கட்டு. கார்பாலிக் சவுக்காரம் தீர்ந்துபோச்சு, வாங்கணும்.

செல்லாயி வந்தாள். மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற கொழுந்தெடுக்கும் பெண். அவள் பிறந்ததும் என் கையில்தான். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய், இது மூன்றாவது. வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கிட்டே வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்னமோ அழுகுன வாடை அடிக்குதுங்கம்மா. எலி கிலி செத்துக் கெடக்கா?"

"ஆமா. கூரையில."

தொடாமலே அனுப்பினேன்.

இனி ஒரு பிள்ளைத்தாய்ச்சி மேலும் கை வைப்பதில்லை. புண்ணின் விஷம் கை வழியாகக் கருப்பைக்குள் போனால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். மூன்றாம் நாள் குளிர் வரும். பிறகு காய்ச்சல். பிறகு குழி.

சாயங்காலம் தோட்டத்து மருந்தகத்தில் டிஸ்பென்சர் ஐயாவிடம் கட்டை அவிழ்த்துக் காட்டினேன். பாவம், உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா இவ்வளவு நாளா மறைச்சீங்க?" நாளைக்கே பதுளைக்குப் போய் வேறு மருத்துவச்சி கேட்கிறேன் என்றார்.

நவம்பர் 9, வியாழன்

பதுளை ரோட்டில் மண் சரிந்து அடைத்துக் கிடக்கிறதாம். டிஸ்பென்சர் ஐயா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். புது ஆள் எப்படி வரும்? செல்லாயிக்கு இன்னும் பத்து நாளாவது இருக்கும் என்று என் கணக்கு. சாப்பாடு: கஞ்சி. பாதியை வைத்துவிட்டேன்.

நவம்பர் 10, வெள்ளி

என் கணக்குத் தப்பு. காலையில் செ.யின் புருஷன் வீரய்யா வந்தான். வலி கண்டுவிட்டதாம். நான் வர முடியாது, லயத்துக் கிழவிகளை வைத்துப் பாருங்கள் என்றேன். புரியாமல் நின்றான். திட்டி அனுப்பினேன்.

மத்தியானம் திரும்ப ஓடி வந்தான். உடம்பெல்லாம் சேறு.

"காலு வெளிய வந்திருச்சும்மா. அப்படியே நிக்கிது."

கூடவே போனேன். லயத்து வாசலில் அவனை நிறுத்தி, மறைக்காமல் சொன்னேன். "எனக்கு மார்ல புத்துப் புண்ணு. நான் கை வச்சா அவளுக்குக் காய்ச்சல் வரலாம். செத்தும் போகலாம். வைக்காட்டி ரெண்டும் இன்னிக்கே போயிரும். நீ சொல்லு."

உள்ளே அவள் கத்திக்கொண்டிருக்கிறாள்.

"வைங்கம்மா," என்றான்.

கொதிக்கிற தண்ணீர், லயத்தில் இருந்த துணிச் சவுக்காரம். தோல் உரியும் மட்டும் தேய்த்தேன். வலது கை மரக்கட்டை. இடது கையால் பிள்ளையின் கைகளை ஒவ்வொன்றாக இறக்கி, தலையை எடுத்தேன். பெண். நீலமாக இருந்தது. வாயில் ஊதினேன். அழுதது.

செ. சிரித்தாள். "பாத்தீங்களா, நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்."

நவம்பர் 11, சனி

காய்ச்சல் இல்லை. வாசலில் நின்று விசாரித்துவிட்டு வந்தேன். பிள்ளை பால் குடிக்கிறது. மழை விட்டிருக்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே முழங்கால் போட்டேன். என் வலி பற்றி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செ. நன்றாகச் சாப்பிட்டாளாம், ரசமும் சோறும். காய்ச்சல் இல்லை. நாளை ஒரு நாள் கடக்கட்டும்.

நவம்பர் 13, திங்கள்

செ.க்குக் காலையில் குளிர் நடுக்கம். மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டுகிறது. நெற்றியைத் தொட்டேன். கொதிக்கிறது.

வீரய்யா என் முகத்தையே பார்த்தான்.

நவம்பர் 14, செவ்வாய்

ரோட்டில் ஒரு வண்டி போகிற அளவுக்கு மண்ணை வெட்டிவிட்டார்கள். தோட்டத்துக்கு அரிசி கொண்டுவந்த காசிம் நானாவின் மாட்டுவண்டி பதுளைக்குக் காலியாகத் திரும்புகிறது என்று கேட்டு ஓடினேன். நானா வைக்கோல் பரப்பிக் கொடுத்தார். செ., அவள் புருஷன், பிள்ளை, நான். வழியெல்லாம் செ. பிதற்றல். கொழுந்துக்கூடையைத் தேடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் அவளை இறக்கும்போது நானும் விழுந்துவிட்டேன் போல. நினைவு வந்தபோது கட்டிலில். கட்டைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதே வார்டு. செ. நாலு கட்டில் தள்ளி.

நவம்பர் 16, வியாழன்

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். "குழந்தை திரும்பியிருந்தா காய்ச்சல் எப்படியும் வரலாம். உங்க கையாலதான்னு யார் சொல்ல முடியும்?" என்றார். நல்ல மனுஷர். எனக்கு வலிக்கு மருந்து கொடுக்கிறார்கள். தோட்டத்துக்கு இனிப் போகவேண்டாம், இங்கேயே இருக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

செல்லாயி காலையில் போய்விட்டாள்.

திரை கட்டினார்கள். திரைக்குக் கீழே வீரய்யாவின் கால் மட்டும் தெரிந்தது.

நவம்பர் 18, சனி

நல்ல வெயில். புதைத்துவிட்டு வீரய்யா வந்தான். பிள்ளையைத் துண்டில் சுற்றி மார்போடு வைத்திருந்தான். என் கட்டிலுக்கு நேரே வந்து நின்றான். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இதுக்கு என்ன குடுக்கறது?" என்றான்.

"லயத்துல பால் குடுக்கறவ யாரு இருக்கா?"

"தம்பி பொண்டாட்டி."

"அவகிட்ட விடு. பத்தாட்டி ஆட்டுப்பால். பாதித் தண்ணி விட்டுக் காய்ச்சி, சங்குல குடு. ஆறினதைக் குடுக்காத."

தலையாட்டினான். கதவு வரை போய்த் திரும்பி வந்தான்.

"தண்ணி பாதியா, பால் பாதியா?"

"ரெண்டும் சரிபாதி."

பிள்ளையின் முகத்தை வெயில் படாமல் மூடிக்கொண்டு போனான். போயிட்டு வாறேன் என்று சொல்லவில்லை.