பீற்றூட் கறிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வைன்

அப்பா,

பீற்றூட் தோல் சீவிக்கொண்டிருக்கிறேன். கையெல்லாம் சிவந்துவிட்டது. ஈரமண் வாசம் எழும்பியதும் நீங்கள் பின்னால் வந்து நிற்பதாக நினைத்துத் திடுக்கிட்டுத் திரும்பினேன். ஒருவரும் இல்லை. 

வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு மூச்சு அடைத்துவிடும். அதனால்தான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். அம்மா அழுதா. நீங்கள் மறுநாள் காலை, "வீட்டில குந்தியிருந்து என்ன செய்யப்போறாய்? என்னோட வா" என்று ட்ரக்கில் ஏற்றிக்கொண்டீர்கள். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் திராட்சைத் தோட்டங்களுக்கு வெறும் போத்தல்கள் கொண்டுபோய் இறக்குவது உங்கள் வேலை. ரூஜில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவ்வளவு தூரமும் நீங்கள் அதிகம் பேசமாட்டீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

குளிர் தொடங்கிய ஒருநாள், அங்கே கொடிகளை மண்போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதறியது.

"ஏனப்பா புதைக்கினம்?"

"விட்டால் குளிர் சாக்காட்டிப்போடும் பிள்ளை. உயிர் தப்பத்தான் மூடுகினம். பனி போனதும் கிண்டி எடுப்பினம்."

அந்தத் தோட்டத்தில் தந்த பினோ நுவார் என்ற சிவப்பு வைன்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா பின்னேர வேலைக்குப் போனதும் அரைக் கிளாஸ் ஊற்றுவீர்கள். எனக்கு மணந்து பார்க்க மட்டும்தான் அனுமதி. செர்ரிப் பழமும் நனைந்த மண்ணும் கலந்த மணம். நண்டுக் கறியோடு குடித்த அன்று உங்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "உறைப்பு இந்த வைனைக் கொல்லுது" என்றீர்கள். பால்விட்டுச் சமைத்த பீற்றூட்டோடு குடித்தபோது கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"ரெண்டும் ஒரே மண்ணில முளைச்ச மாதிரிக் கிடக்கு. பெரியப்பாட்டைச் சொல்லிப்போடாதை. பொம்பிளையளின்ர குடியெண்டு நான் சாகுமட்டும் நக்கலடிப்பார்."

நீங்கள் எங்களை விட்டுப்போய் எட்டாம் நாள், உங்கள் எட்டுச் செலவன்று வீடு நிறைய ஆட்கள். நண்டு, பீற்றூட் என்று நீங்கள் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்தோம். பெரியப்பா விஸ்கியை ஊற்றி வைத்தார்.

"தம்பிக்கு இதெண்டால் உயிர். நான் ஊத்திக் குடுத்து ஒருநாளும் வேண்டாமெண்டு சொன்னதில்லை."

அவர் ஊற்றித் தந்ததையெல்லாம் நீங்கள் குசினிச் சிங்கில் கவிழ்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

படைத்த அறைக் கதவைச் சாத்தப் போனார்கள். சாத்தினால் நீங்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்.  வகுப்பறையில் எழும்பச் சொன்னால் வரும் அதே பயம் எனக்கு. சொன்னால் எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் அந்தக் கிளாஸைத் தொடாமலே திரும்புவீர்கள்.

"பெரியப்பா, சாத்தாதேங்கோ."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அப்பாக்கு விஸ்கி பிடிக்காது. வைன்தான். சிவப்பு வைன்."

"வைனோ? என்ர தம்பியோ?" பெரியப்பா சுற்றிப் பார்த்தார். "உவள் சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்?"

யாரோ சிரித்தார்கள்.  அப்போது மூலையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பிள்ளை சொல்லுறது சரி, அண்ணை. நீங்கள் வந்துபோன நாளெல்லாம் சிங்க் விஸ்கி மணக்கும். எனக்கு விளங்காதோ?"

 பெரியப்பா விஸ்கிக் கிளாஸைத் தானே எடுத்துக்கொண்டு வழிவிட்டார். நீங்கள் மிச்சம் வைத்த வைனைக் குசினியிலிருந்து கொண்டுவந்து ஊற்றினேன். கொஞ்சம் இலையில் சிந்தியது. நண்டைத் தள்ளி, பீற்றூட்டைக் கிளாஸுக்குக் கிட்ட வைத்தேன். பிறகு கதவைச் சாத்தினார்கள்.

இன்று பெரியப்பா சாப்பிட வருகிறார். நண்டோடு பீற்றூட் கறியும் வைக்கச் சொன்னார். அந்தத் தோட்டத்து வைனும் கொண்டுவருகிறாராம். "தம்பி எப்பிடிக் குடிச்சவன் எண்டு நீதான் சொல்லவேணும்" என்றார்.  மேசையில் எல்லோரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். பயம் அப்படியேதான் இருக்கிறது அப்பா. அதற்குள்ளிருந்து அன்று வந்த அந்தக் குரலும் எங்கோ இருக்கத்தானே வேண்டும்?

"முதல்ல நண்டைத் தள்ளி வையுங்கோ" என்று தொடங்கலாம் என்றிருக்கிறேன்.